பசங்களுக்குக் கரண்ட் பில் கணக்கு சொல்லிக்கொடுங்க!

"லைட்டை ஆஃப் பண்ணு"ன்னு பசங்களைத் திட்டிக்கிட்டே இருக்கோம். ஆனா பில்லை ஏத்துறது லைட் இல்ல. இந்தக் கணக்கை அவங்களுக்குக் காட்டுங்க.

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினா 1 யூனிட். அந்த 1 யூனிட்ல:

• 9 வாட் எல்இடி பல்பு – சுமார் 111 மணி நேரம்
• 75 வாட் ஃபேன் – சுமார் 13 மணி நேரம்
• 2,000 வாட் கீசர் – தண்ணி சூடாகும்போது வெறும் 30 நிமிஷம்

எதை முதல்ல அணைக்கணும்னு இனி அவங்களே சொல்லுவாங்க.

அடுத்து, ஞாயிறுதோறும் மீட்டர் ரீடிங்கை நோட்டுல எழுதச் சொல்லுங்க. தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான். போன வார எண்ணைக் கழிச்சா இந்த வாரச் செலவு.

தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா, கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது. கீழ் ஸ்லாப்ல கிடைச்ச சலுகையும் குறையும். உங்க பில் 500-ஐ ஒட்டி வருதா? அப்போ வாரத்துக்கு 55 யூனிட்தான் பட்ஜெட்.

மிச்சமாகிற பணத்துல பாதியை அவங்க உண்டியல்ல போடுங்க. முதல் சம்பளத்துக்கு முன்னாடியே பட்ஜெட் பழகிடும்!