களஞ்சிய விளக்கொளியில் மின்சாரம் தரும் பாலிமர் தகடுகள்

சம்பா விதைநெல்லைக் களஞ்சியத்தில் சேமிப்போர், உள்ளே ஈரமும் உஷ்ணமும் ஏறுவதைக் காலத்தில் அறிதல் அவசியம். விதைநெல்லின் ஈரம் 13 சதவீதத்திற்கு மேற்படின் பூஞ்சணமும் வண்டும் பெருகி முளைப்புத்திறன் கெடும். இவற்றை அளந்து தெரிவிக்கும் சிறு கருவிகள் இப்பொழுது கிடைக்கின்றன. பாட்டரி தீர்ந்தது தெரியாமற் போவதே அவற்றின் குறை. களஞ்சிய விளக்கின் வெளிச்சத்திலிருந்தே அவற்றிற்கு மின்சாரம் பெறலாமா என மிராசுதார்கள் சிலர் வினவுகின்றனர்.

பெறலாம். ஆயினும் கூரைமேல் வைக்கும் சிலிகான் தகடு இதற்கு ஏற்றதன்று. சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத உஷ்ணக் கதிர்கள் மிகுதி. அவற்றிலும் ஒரு பகுதியைக் கவரத்தக்கது சிலிகான். அதன் சக்திப்படி 1.1 எலெக்ட்ரான் வோல்ட். எல்.இ.டி. விளக்கிலோ அக்கதிர்கள் அநேகமாக இல்லை. ஆகவே 1.8 அல்லது 1.9 அளவுள்ள வஸ்துவே அதற்குத் தக்கது. பாலிமரின் அமைப்பை மாற்றி இவ்வளவைப் பெறுதல் கூடும்.

எலெக்ட்ரானைக் கொடுக்கும் பாலிமரையும் அதை வாங்கும் வேறொரு வஸ்துவையும் கலந்து மெல்லிய பூச்சாக்குவர். இக்கலவை முறையை 1995-ல் அமெரிக்காவில் ஆலன் ஹீகர் குழுவினர் வெளியிட்டனர். ஒளி பட்டதும் எழும் மின்கிளர்ச்சி, ஒரு மில்லிமீட்டரை லக்ஷம் பங்காக்கினால் ஒரு பங்கு தூரமே செல்லும். அதற்குள் இரு வஸ்துக்களின் எல்லையை அடைதல் வேண்டும். எனவே கலவை நுண்ணியதாயிருத்தல் நன்று. மிகவும் நுண்ணியதானாலோ, கிளை வாய்க்கால் தூர்ந்த வயலைப்போல், மின்சாரம் வெளிச்செல்ல வழியிராது.

உள்ளறைக்கு மற்றொன்று முக்கியம். வரப்பில் நண்டு வளை இருப்பினும் ஆற்றில் நீர் பெருகும் நாளில் வயல் நிறையும். முறைப்பாசனத்தில் வரும் சொற்ப நீர் அவ்வளையிலேயே போய்விடும். அவ்வாறே மங்கிய ஒளியில், பூச்சிலுள்ள மின்கசிவு பெருநஷ்டமாகும். ஆதலின் சற்றுத் தடித்த, துளையற்ற பூச்சே சிறந்தது.

2019-ல் சீன ஆராய்ச்சியாளர் 1,000 லக்ஸ் எல்.இ.டி. ஒளியில் நூற்றுக்கு 26 பங்கை மின்சாரமாக்கிக் காட்டினர். திருவனந்தபுரத்தில் சி.எஸ்.ஐ.ஆர்.-நிஸ்ட் நிலையத்தார் இதற்கு அடுத்த சாயவகைத் தகடுகளை ஆராய்கின்றனர்.

பம்புசெட்டு ஓட்ட இது உதவாது. 500 லக்ஸ் ஒளியில் உள்ளங்கையளவுத் தகடு தருவது சுமார் 3 மில்லிவாட்டே. ஈரமானிக்கு அது போதும். பகல் முழுதும் இருண்டு கிடக்கும் களஞ்சியத்திற்கு இதனை வாங்குதல் வீண்செலவு. மற்றையோர், தகட்டின் திறன் எத்தனை லக்ஸில், எவ்வகை விளக்கில் அளக்கப்பட்டது என்றும், ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று புகாவண்ணம் ஓரங்கள் அடைக்கப்பட்டுள்ளனவா என்றும் விற்போரிடம் எழுத்து மூலம் பெற்றுக்கொள்க.