வானத்தில் விழும் கறைகள்

விமானங்களைப் படம் பிடிப்பது இன்று பலருக்கு இனிய பொழுதுபோக்காக இருந்து வருகிறது. பெங்களூரை அடுத்த எலகங்காவில் 1996ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் ஏரோ இந்தியா விமானக் காட்சிக்கு, அந்நகரில் குடியேறிய தமிழ் அன்பர்களும் காமிராவுடன் செல்வதுண்டு. வெயிலில் கால் கடுக்க நின்று எடுத்த படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால், விமானம் தெளிவாக இருக்கும்; ஆனால் நீல வானத்தில் ஆங்காங்கே கருந்திட்டுகள் தென்படும். இவை எவ்வாறு தோன்றுகின்றன, இவற்றை நீக்குவது எப்படி என்பதைச் சற்று ஆராய்வோம்.

2023 பிப்ரவரியில் நடந்த காட்சிக்குப் பின், பெங்களூரில் வாழும் என் சகோதரியின் மகன் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். விமானப்படையின் சூரிய கிரண் குழுவினர் அணிவகுத்துச் செல்லும் காட்சி அது. அணியில் பறந்தவை ஒன்பது விமானங்கள். படத்தில் எண்ணினால் பத்து இருந்தன! “மாமா, காமிரா கெட்டுவிட்டதா? உள்ளே துணியால் துடைத்துப் பார்க்கட்டுமா?” என்று தொலைபேசியில் கேட்டான். “தொடாதே” என்றேன். முன்பு ஒரு முறை கைக்குட்டை நுனியால் துடைத்து, என் காமிராவில் கீறல் விழச் செய்து, பெரும் பணம் கொடுத்துப் பழுது பார்த்தவன் நான்.

திட்டுகள் மூவகைப்படும். முதல் வகை, தூசியின் நிழல். லென்ஸைக் கழற்றி மாட்டும் காமிராக்களில், ஒளியை உணரும் சென்சாருக்கு முன்னே ஒரு மெல்லிய கண்ணாடி உண்டு. லென்ஸை மாற்றும்போது உட்புகும் தூசி அதன்மீது படிகிறது. ஒளி புகும் துளை அகலமாக இருந்தால் ஒளி பல கோணங்களிலிருந்து வந்து அத்தூசியின் நிழலைக் கரைத்துவிடும். துளையை எஃப் 11, எஃப் 16 எனச் சிறிதாக்கினால் நிழல் கூர்மையாக விழும். மேகமூட்டத்தில் மங்கிக் கிடக்கும் நம் நிழல், வெயில் வந்ததும் தெளிவாகத் தெரிவதை இதற்கு ஒப்பிடலாம்.

ஹெலிகாப்டரையும் சுழலி விமானத்தையும் எடுத்த படங்களில் மட்டும் கறை மிகுந்திருப்பது ஏன் என்பதும் இதனால் விளங்கும். சுழலி சுழல்வதாகத் தெரிய வேண்டுமாயின் ஷட்டர் வேகத்தை 125இல் ஒரு விநாடி அளவுக்குக் குறைக்க வேண்டும்; ஜெட் விமானத்திற்கு 1,000இல் ஒரு விநாடி வைக்கலாம். கடும் வெயிலில் வேகத்தைக் குறைத்தால் துளை தானே சிறுத்துவிடும். ஆகவே, நேற்றுவரை மறைந்திருந்த தூசி இன்று வெளிப்படுகிறது. என் மருமகனும் ஹெலிகாப்டருக்கு வைத்த சிறு துளையை மாற்றாமலே சூரிய கிரணைப் படமெடுத்திருந்தான்.

இரண்டாம் வகை, படத்தின் நான்கு மூலைகளும் இருண்டிருப்பது. இது லென்ஸின் இயல்பு. துளையை முழுவதும் திறக்கும்போது ஓரங்களுக்குப் போதிய ஒளி செல்வதில்லை. துளையை ஓரிரு படி குறைத்தால் இருள் பெரும்பாலும் விலகும். விலகாவிடில், லென்ஸின் முன்னுள்ள மறைப்பு கோணலாக மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மூன்றாம் வகை, வானத்தின் ஒரு பகுதி அகன்ற பட்டையாகக் கறுத்திருப்பது. போலரைசர் என்னும் வடிகட்டிக் கண்ணாடியை மாட்டினால் இது நேரும். சூரியனுக்குச் செங்கோணமாக உள்ள வானப்பகுதியை அது மிகுதியாக இருளச் செய்யும். அகன்ற காட்சி தரும் லென்ஸில் இவ்வேறுபாடு பளிச்சென்று தெரியும். வடிகட்டியைச் சற்றே திருப்பினாலோ கழற்றினாலோ போதும்.

இம்மூன்றையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வடிகட்டியைக் கழற்றிவிட்டு, வெறும் வானத்தை ஒரு முறை அகன்ற துளையிலும் மறுமுறை எஃப் 16லும் எடுங்கள். சிறு துளையில் திட்டு கூர்மையடைந்தால் தூசி. மூலை இருள் குறைந்தால் லென்ஸ். இரண்டிலும் பட்டையைக் காணோமென்றால் குற்றம் வடிகட்டியுடையது.

தூசியென்று தெரிந்தபின், மின்கலம் நிரம்பியிருக்கும்போது, காமிராவின் பட்டியலிலுள்ள சுத்தம் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்து, அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ஊதுகுமிழால் காற்றை ஊதவேண்டும். குமிழின் முனை உள்ளே படலாகாது. வாயால் ஊதினால் எச்சில் தெறித்து ஒட்டிக்கொள்ளும். ஊதியும் போகாத தூசியைப் பயிற்சி பெற்ற பழுதுபார்ப்போரிடம் ஒப்படைப்பதே நன்று.

எடுத்து முடித்த படத்திலுள்ள கறையைக் கணினியில் அழித்துவிடலாம். எனினும், அழிக்குமுன் அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒப்பிடுங்கள். காமிரா எப்பக்கம் திரும்பினாலும் சட்டத்தின் அதே இடத்தில் நிற்பது தூசி. இடம் மாறுவது வானில் உண்மையாகவே இருந்த ஒன்று. மூலத்தில் உள்ளது எது, இடையில் நுழைந்தது எது என்று பிரித்தறிவது மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அன்றாட வேலை. அவ்வழக்கத்தால் மருமகனின் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பத்தாவது விமானம் எல்லாப் படங்களிலும் ஒரே மூலையில் நின்றது; ஆகவே தூசி. ஆனால், அவன் அழிக்க எண்ணியிருந்த இன்னொரு புள்ளி படத்துக்குப் படம் நகர்ந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது சிறகு விரித்த ஒரு பருந்து தெரிந்தது. அதை அப்படியே விட்டுவைக்கச் சொன்னேன்.