சிறைக்கு வெளியே தண்டனை: நன்னடத்தைப் பிணையும் சமூக சேவையும்

குற்றம் நிரூபிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், அவர் வாழும் ஊரிலேயே நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டுக்குள் வைத்துத் திருத்துவதற்கு இந்தியச் சட்டம் இரண்டு வழிகளை வகுத்துள்ளது. ஒன்று, 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். மற்றொன்று, 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் புகுத்திய சமூக சேவைத் தண்டனை.

மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றத்தைச் செய்தவரிடம், மூன்று ஆண்டுகளுக்கு மிகாத காலத்துக்கு நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்க 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அக்காலத்தில் அவரை நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைக்கவும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் செய்யவும் முடியும். பிணையின் நிபந்தனையை மீறினால், முதலில் செய்த குற்றத்துக்கு நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதிக்கலாம். ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றம் புரிந்தவர் 21 வயதுக்கு உட்பட்டவராயின், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று ஆராயாமலும், காரணங்களைப் பதிவு செய்யாமலும் அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்க முடியாது. இந்த மத்தியச் சட்டத்துக்கு முன்பே, 1936-இல் சென்னை மாகாணம் தனக்கென ஒரு நன்னடத்தைச் சட்டத்தை இயற்றியிருந்தது.

சமூக சேவை என்பது, சமூகத்துக்குப் பயன்படும் ஒரு வேலையை ஊதியமின்றிச் செய்யுமாறு நீதிமன்றம் விதிக்கும் தண்டனையாகும். பொது இடத்தில் குடிபோதையில் தவறாக நடப்பது, அவதூறு, சிறு திருட்டு உள்ளிட்ட ஆறு குற்றங்களுக்கே இது பொருந்தும். முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவர், 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள பொருளைத் திருடி, அதையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குரிய தண்டனை சமூக சேவைதான்.

2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 5.73 லட்சம் பேர், கொள்ளளவில் 131 விழுக்காடு என்ற அளவில் அடைக்கப்பட்டிருந்தனர்; அவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். தீர்ப்புக்குப் பின்னரே பயன்படும் இவ்விரு வழிகளும் அந்த நெரிசலைத் தாமாகவே தீர்த்துவிடா. ஆனால் சில மாதச் சிறைவாசத்திலேயே வேலையை இழந்து, குடும்பத்தைக் கடனில் தள்ளி, தொழில்முறைக் குற்றவாளிகளோடு பழகி வெளியே வருபவரை அந்த இழப்புகளிலிருந்து காப்பது இவற்றின் உண்மையான பயன்; தண்டனை முடிந்தபின் அவர் வாழப்போவது அதே ஊரில்தான் என்பதால், அந்தப் பயன் ஊருக்கும் உரியது.

எனினும், சமூக சேவை எத்தனை மணி நேரம், எவ்வகை வேலை, யாருடைய மேற்பார்வையில் என்பனவற்றைப் புதிய சட்டம் வரையறுக்கவில்லை. தெளிவான விதிகள் இல்லாதபோது, ஒரே குற்றத்துக்கு ஒரு நீதிமன்றம் மருத்துவமனையில் சில நாள் பணியையும், மற்றொன்று சாலையோரத்தில் பலர் முன்னிலையில் துப்புரவுப் பணியையும் விதிக்கக்கூடும்; பிந்தையது சேவையாக அல்லாமல் அவமானமாக முடியும். குற்றவாளியின் வீட்டுச் சூழலை அறிந்து, அவருக்கு வேலை தேட உதவி, அவரது போக்கை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும் நன்னடத்தை அலுவலரே இரு வழிகளுக்கும் அச்சாணியாக இருக்கத்தக்கவர் ஆகையால், ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்பணியிடங்களைப் போதுமான அளவில் நிரப்புவதும், சேவைக்கான விதிகளை மாநில அரசுகள் மனித மாண்பு குன்றாதவாறு வகுப்பதும் இச்சட்டங்கள் பயன்தருவதற்கு இன்றியமையாத முன்நிபந்தனைகளாகும்.