நாயகனை விற்ற நகரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில், பஸிபிக் சமுத்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது ஸியாட்டில் நகரம். 2022-ம் வருஷம் மார்ச் மாதம் 8-ந் தேதி அந்நகரத்து ஜனங்களை ஒரு செய்தி உலுக்கிவிட்டது. யுத்தச் செய்தியன்று, பூகம்பச் செய்தியுமன்று. பத்து வருஷ காலம் தங்கள் கோஷ்டியின் தலைவராக ஆடி வந்த ரஸ்ஸல் வில்ஸன் என்பவரை டென்வர் நகரத்துக் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் அந்தச் செய்தி.

ஓர் ஆட்டக்காரர் ஊர் மாறியதற்கு இத்தனை அமர்க்களமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். அமர்க்களத்தின் காரணத்தை அறிய வேண்டுமானால், முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

சாரதியும் அவரே, வில்லாளியும் அவரே

கால்பந்து என்றால் நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தை நினைக்கிறோம். அமெரிக்கர்கள் அந்தப் பெயரை முற்றிலும் வேறான ஓர் ஆட்டத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். அதில் பந்து உருண்டையாக இராது. நடுவில் பருத்து, இரு முனைகளிலும் கூம்பியிருக்கும். அதைக் காலால் உதைக்கும் சந்தர்ப்பம் சொற்பம். கையில் ஏந்தி ஓடுவதும், தூரத்திலுள்ள கூட்டாளிக்கு எறிவதுமே பிரதானம். பக்கத்துக்குப் பதினொரு பேர். நூறு கஜ மைதானத்தில் எதிரியின் எல்லையை நோக்கி முன்னேற வேண்டும். நாலு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறினால் மேலும் நாலு முயற்சிகள் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரியிடம் போய்விடும்.

இந்தப் பதினொரு பேரில் குவார்ட்டர்பாக் என்பவரே நாயகர். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது அவர் கைக்குத்தான். ஓடுகிறவனிடம் கொடுப்பதா, எறிவதா, எறிந்தால் யாருக்கு எறிவது என்பதை அவர் இரண்டு மூன்று வினாடிகளுக்குள் தீர்மானிக்க வேண்டும். அந்த வினாடிகளில், மலை போன்ற சரீரமுள்ள எதிரிகள் அவரைக் கீழே தள்ளுவதற்குப் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள். தேரோட்டும் சாரதியும் அவரே, அம்பு விடும் வில்லாளியும் அவரே என்று சொல்லலாம். நல்ல குவார்ட்டர்பாக் கிடைத்த ஊருக்குச் சுக்கிரதசை. கிடைக்காத ஊருக்கு ஏழரை நாட்டுச் சனி. கிளீவ்லந்து நகரத்துக் கோஷ்டி 1999-க்கும் 2022-க்கும் இடையில் முப்பது பேருக்கு மேல் அந்த ஸ்தானத்தில் வைத்துப் பார்த்தது என்றால், அந்தப் பஞ்சத்தை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஊரும் வீரரும்

ஸியாட்டில் கோஷ்டிக்கு ஸீஹாக்ஸ் என்று பெயர். அதன் அபிமானிகள் வெறும் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்லர். மைதானத்தில் ஆடுகிறவர்கள் பதினொருவர். பன்னிரண்டாவது ஆள் தாங்களே என்பது அவர்கள் கொள்கை. 1984-ம் வருஷத்தில் கோஷ்டியின் நிர்வாகிகள் இதை ஒப்புக்கொண்டு, 12 என்ற எண்ணை ஜனங்களுக்கே அர்ப்பணம் செய்துவிட்டார்கள். அந்த எண்ணுள்ள சட்டையை எந்த ஆட்டக்காரரும் அணிவதில்லை. இவர்களுடைய ஆரவாரத்தில் எதிர்க்கோஷ்டியார் தங்களுக்குள் பேசிக்கொள்வதே கஷ்டம்.

இந்தப் பாத்தியதை வெறும் பேச்சில் வந்ததும் அன்று. 1996-ம் வருஷத்தில் அப்போதைய சொந்தக்காரர் கோஷ்டியைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்விட முயன்றார். மைக்ரோஸாப்ட் கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான பால் ஆலன், புதிய மைதானம் கட்டுவதானால் கோஷ்டியை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதற்குப் பொதுப் பணத்திலிருந்து 30 கோடி டாலர் வரையில் வேண்டியிருந்தது. 1997-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வாஷிங்டன் ராஜ்யத்து ஜனங்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. சொற்ப வித்தியாசத்தில் அவர்கள் சம்மதித்தார்கள். வாக்கையும் வரியையும் கொடுத்துக் காப்பாற்றிய கோஷ்டியை "எங்களுடையது" என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

அத்தகைய ஊருக்கு ரஸ்ஸல் வில்ஸன் 2012-ம் வருஷத்தில் வந்து சேர்ந்தார். ஆள் உயரம் போதாதென்று பல கோஷ்டிகள் அவரை ஒதுக்கியிருந்தன. எழுபத்தைந்தாவது ஆளாகத்தான் ஸியாட்டில் அவரைப் பொறுக்கி எடுத்தது. 2014-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி அவர் தலைமையில் கோஷ்டி முதன்முதலாகத் தேசிய வெற்றிக் கோப்பையைப் பெற்றது. அன்று 43-க்கு 8 என்ற கணக்கில் தோற்றது, விதியின் விளையாட்டைப் பாருங்கள், அதே டென்வர் கோஷ்டிதான்! மறு வருஷமும் இறுதிப் பந்தயம் வரை போனார்கள். ஒரு கஜ தூரத்தில் வெற்றி காத்திருக்கையில், வில்ஸன் எறிந்த பந்து எதிரியின் கையில் சிக்கிற்று. பந்தை ஓடுகிறவனிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று ஸியாட்டில் வாசிகள் இன்னும் சொல்லி மாய்கிறார்கள்.

பத்து வருஷங்களில் எட்டு முறை கோஷ்டி இறுதிச் சுற்றுக்களுக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமைதோறும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குச் சென்று நோயாளிக் குழந்தைகளைப் பார்த்து வருவது வில்ஸனின் வழக்கம். அந்த நகரத்தில் பிறந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு வேறு குவார்ட்டர்பாக் ஒருவரையே தெரியாது.

கொடுத்ததும் வாங்கியதும்

வில்ஸனையும் ஒரு நாலாம் சுற்றுத் தேர்வுரிமையையும் கொடுத்து, டென்வரிடமிருந்து மூன்று ஆட்டக்காரர்களையும், முதல் சுற்றுத் தேர்வுரிமை இரண்டையும், இரண்டாம் சுற்றில் இரண்டையும், ஐந்தாம் சுற்றில் ஒன்றையும் ஸியாட்டில் பெற்றுக்கொண்டது.

தேர்வுரிமை என்பது என்ன? வருஷந்தோறும் கலாசாலைகளிலிருந்து வெளிவரும் இளம் ஆட்டக்காரர்களை முப்பத்திரண்டு கோஷ்டிகளும் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கின்றன. சென்ற வருஷம் மிகவும் மோசமாக ஆடிய கோஷ்டிக்கு முதல் உரிமை. நொந்தவனுக்கு முதல் கவளம் என்ற தர்மம்! அந்த உரிமையைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளவும் இடமுண்டு.

இரண்டு கட்சிகள்

செய்தி வந்ததும் ஸியாட்டில் நகரம் இரண்டு கட்சிகளாகப் பிரிந்தது.

"பொன் முட்டையிடும் வாத்தைக் கொடுத்துவிட்டார்களே!" என்றது ஒரு கட்சி. "வில்ஸனுக்கு வயது முப்பத்து மூன்றுதான். பயிற்சியாளர் பீட் கரோலுக்கோ எழுபது. சாரதியை அனுப்பிவிட்டுக் கிழவரை வைத்துக்கொள்வது என்ன புத்தி? 2021-ல் கோஷ்டி பத்துப் பந்தயங்களில் தோற்றது உண்மை. ஆனால் வில்ஸனுக்கு விரலில் காயம் பட்டதை மறக்கலாமா? அவரைப் போல் இன்னொருவர் கிடைக்க எத்தனை வருஷம் ஆகுமோ?" இந்தக் கட்சியில் பலர், "வில்ஸன் இஷ்டம்போல் எறியட்டும், பயிற்சியாளர் குறுக்கே நிற்கக்கூடாது" என்று 2020-ம் வருஷத்திலிருந்தே சொல்லி வந்தவர்கள். "ரஸ்ஸலைச் சமைக்க விடுங்கள்" என்பது அவர்களுடைய கோஷம். சமையற்காரரே இப்போது வேறு வீட்டுக்குப் போய்விட்டார்!

மற்றக் கட்சியார் கணக்குப் புஸ்தகத்தைத் திறந்தார்கள். "அவர் மனம் முன்பே போய்விட்டது. ஊர் மாறுவதானால் எந்தெந்தக் கோஷ்டிகளுக்குப் போகலாம் என்று 2021-லேயே அவருடைய ஏஜெண்டு பெயர் சொல்லவில்லையா? அவர் சம்மதமில்லாமல் அவரை மாற்ற முடியாது என்று ஒப்பந்தத்திலே இருந்ததே, சம்மதித்துத்தானே போனார்? ஒருவருக்கே கஜானாவைத் திறந்துவிட்டால் மற்றப் பத்துப் பேருக்கு என்ன மிஞ்சும்?" என்றார்கள். இவர்கள் பக்கத்துக்குப் பழைய சாட்சியமும் உண்டு. 1989-ம் வருஷத்தில் டல்லாஸ் கோஷ்டி ஹெர்ஷல் வாக்கர் என்னும் பிரபல ஓட்டக்காரரை மினஸோட்டாவுக்குக் கொடுத்து, குவியலாகத் தேர்வுரிமைகளைப் பெற்றது. அந்த இளைஞர்களைக் கொண்டு அடுத்த சில வருஷங்களில் மூன்று கோப்பைகளை வென்றது.

இரண்டு கட்சியாரும் ஒரு விஷயத்தில் ஒத்திருந்தார்கள். வில்ஸனுடைய ஸ்தானத்துக்கு வந்த ஜீனோ ஸ்மித் என்பவரிடம் யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஏழு வருஷமாகப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

செப்டம்பர் 12-ந் தேதி இரவு

பருவத்தின் முதல் வாரத்திலேயே, 2022 செப்டம்பர் 12-ந் தேதி இரவு, டென்வர் கோஷ்டி ஸியாட்டிலுக்கு ஆட வந்தது. அதற்குப் பதினொரு நாள் முன்புதான் டென்வர்க்காரர்கள் வில்ஸனுடன் ஐந்து வருஷத்துக்கு 24 கோடியே 50 லட்சம் டாலர் பெறுமான புதிய ஒப்பந்தம் செய்திருந்தார்கள்.

வில்ஸன் மைதானத்தில் கால் வைத்ததும், பத்து வருஷம் அவரை வாழ்த்திய அதே தொண்டைகள் அவரை இகழ்ந்து கூச்சலிட்டன. அவர் பந்தைத் தொட்ட போதெல்லாம் அந்தக் கூச்சல் எழுந்தது. மறு பக்கத்தில், யாரும் எதிர்பாராத ஜீனோ ஸ்மித் எறிந்த முதல் பதின்மூன்று பந்துகளும் குறி தவறாமல் கூட்டாளிகளின் கையில் போய் விழுந்தன. "ஜீனோ! ஜீனோ!" என்று மைதானம் அதிர்ந்தது.

பந்தயத்தின் முடிவை நாவலாசிரியர் எழுதியிருந்தால் நாம் நம்பமாட்டோம். ஸியாட்டில் 17, டென்வர் 16. சில வினாடிகளே பாக்கி. டென்வருக்கு இன்னும் ஐந்து கஜம் முன்னேற வேண்டும், கடைசி முயற்சி. இத்தகைய தருணத்துக்கென்றே கோடிகள் கொடுத்து வாங்கிய வில்ஸனைப் பயிற்சியாளர் ஹாக்கெட் ஓரமாக நிறுத்திவிட்டு, 64 கஜ தூரத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைக்கச் சொன்னார். பந்து இடப்புறமாக விலகிப் போயிற்று. ஸியாட்டில் ஜெயித்தது.

தோல்வி வேண்டிப் பிரார்த்தனை

அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். டென்வரின் அடுத்த வருஷத்து முதல் தேர்வுரிமை ஸியாட்டிலிடம் இருந்ததல்லவா? டென்வர் எவ்வளவுக்கெவ்வளவு மோசமாக ஆடுகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு ஸியாட்டிலுக்கு நல்ல ஆட்டக்காரர் கிடைப்பார். ஆகவே, வில்ஸன் வெற்றி பெற வேண்டுமென்று பத்து வருஷம் வேண்டிக்கொண்ட அபிமானிகளுக்கு, இப்போது வாரந்தோறும் அவர் தோற்க வேண்டுமென்று விரும்புவது லாபமாயிற்று. ஒரு வியாபார ஒப்பந்தம் மனிதருடைய பிரார்த்தனையையே திருப்பிவிட்டது!

அந்த விருப்பம் பலித்தது. டென்வர் ஐந்து பந்தயங்களில் ஜெயித்துப் பன்னிரண்டில் தோற்றது. கிறிஸ்துமஸ் பண்டிகையன்று 51-க்கு 14 என்று தோற்றதும், மறுநாளே ஹாக்கெட்டுக்கு விடை கொடுத்தார்கள். ஸியாட்டிலோ ஒன்பதில் ஜெயித்து இறுதிச் சுற்றுக்களுக்குள் நுழைந்தது; அங்கே ஸான்பிரான்ஸிஸ்கோவிடம் தோற்றாலும் யாரும் வருந்தவில்லை. ஜீனோ ஸ்மித் அவ்வருஷம் தேசத்திலேயே அதிகத் துல்லியமாகப் பந்து எறிந்தவர் என்று பெயர் பெற்றார். டென்வர் கொடுத்த உரிமைகளைக் கொண்டு சார்ல்ஸ் கிராஸ், டெவன் விதர்ஸ்பூன் முதலிய வாலிபர்களை ஸியாட்டில் எடுத்துக்கொண்டது. 2024 மார்ச்சில் டென்வர் வில்ஸனை விலக்கிவிட்டது. அவர் ஆடாமலிருப்பதற்காக மட்டும் அந்தக் கோஷ்டியின் சம்பளக் கணக்கில் ஏறிய பாரம் சுமார் எட்டரைக் கோடி டாலர்!

கணக்குக் கட்சியாருக்குப் பரிபூரண ஜயம் என்பதில் சந்தேகமில்லை.

கணக்கில் எழுதப்படாதது

ஆயினும் இந்த விவாதம் லாப நஷ்டத்தோடு முடிந்துவிட்டதாக நாம் நினைக்கவில்லை. ஜீனோ ஸ்மித்தின் கதையைப் பாருங்கள். "ஜீனோ! ஜீனோ!" என்று முழங்கிய அதே நகரம், 2025 மார்ச்சில் ஒரே ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுரிமைக்கு அவரை லாஸ் வேகாஸுக்குக் கொடுத்துவிட்டது. வில்ஸனைக் காட்டிலும் உயர்வாக வைத்துக்கொண்ட பீட் கரோலும் அதற்கு முன்பே ஸியாட்டிலை விட்டு, லாஸ் வேகாஸில் பயிற்சியாளராகியிருந்தார். விற்றவர், விற்கப்பட்டவர் எல்லாரும் போய்விட்டார்கள். மைதானத்தில் நிலையாக நின்றது பன்னிரண்டாம் எண் ஒன்றுதான்.

அந்தப் பன்னிரண்டாவது ஆளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. கோஷ்டி ஊரிலே தங்குவதற்கு 1997-ல் ஜனங்களின் வாக்கு வேண்டியிருந்தது. நாயகனைக் கொடுப்பதற்கு வேண்டியிருக்கவில்லை. தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாததனால்தான் அவர்கள் இவ்வளவு ஆவேசமாக விவாதித்தார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. செப்டம்பர் இரவில் எழுந்த கூச்சலில் கோபம் மட்டுமா இருந்தது? "எங்களை விட்டுப் போனாயே!" என்ற துக்கமும் அதில் கலந்திருந்தது. அந்நியனைப் பார்த்து யாரும் அப்படிக் கூச்சலிடுவதில்லை.

இருந்தாலும், நகரத்துக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்தவர் திரும்பி வந்த அன்று, முதலில் ஒரு நிமிஷம் எழுந்து நின்று கை தட்டியிருக்கலாம். பிறகு எதிரியாகப் பாவித்துக் கூச்சலிட்டிருக்கலாம். அதனால் ஸியாட்டிலுக்கு ஒரு புள்ளியும் குறைந்திராது. ஒப்பந்தப்படி டென்வருக்குப் போனவை வில்ஸனுடைய தோளும் வருங்காலமுந்தான். அவர் கொடுத்துச் சென்ற பத்து வருஷ சந்தோஷம் ஸியாட்டிலுக்கே சொந்தம். அதை வாங்கவும் விற்கவும் எந்தக் கோஷ்டிக்கும் உரிமை கிடையாது.