தேயிலைக்கு ஏன் நிழல்?



கல்முனைப் பக்கத்து அரிசியும் கருவாடும் மருதமுனைக் கைத்தறிச் சாரமும் நமது லயங்களுக்குப் புதியவை அல்ல. அந்த ஊர்களுக்கு நாங்கள் போயிருந்தபோது, கரவாகு வட்டையில் வயல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார்: "தம்பி, எங்கட நெல்லு மொட்டை வெயில்ல நிண்டுதான் விளையுது. உங்கட தேயிலைக்கு மட்டும் என்னத்துக்கு மரத்தால குடை புடிக்கிற?"

நல்ல கேள்வி. "பொறுங்க காக்கா, விசாரிச்சுச் சொல்றோம்" என்று வந்தோம். அந்தப் பதில் நமக்கும் தேவையானது.

வெயில் கூடினால் என்ன நடக்கும்?

இலைக்குள் பச்சையவுருமணிகள் என்ற மிகச் சிறிய மணிகள் உள்ளன. அவைதான் செடியின் அடுப்படி. வெயிலைப் பிடித்து, நீரையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் கொண்டு மாவும் சீனியும் சமைக்கின்றன. இதையே ஒளித்தொகுப்பு என்கிறோம்.

அடுப்புக்கு விறகு வேண்டும். ஆனால் சமைக்கிற அளவுக்கு மேல் விறகைத் திணித்தால் சோறு அடிப்பிடிக்கும். வெயிலும் அப்படித்தான். சமையலுக்குச் செலவாகாத வெளிச்சம் இலைக்குள் தேங்கினால், நச்சுத்தன்மையான ஒட்சிசனை உண்டாக்கி, சமைக்கும் கருவியையே பழுதாக்கும்.

செடி செய்யும் காவல்

ஓடி ஒளிய முடியாத செடிக்குப் பல காவல்கள் உண்டு.

முதலாவது, முகத்தைத் திருப்புவது. நெல்லின் இலை ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்பதால் உச்சி வெயில் அதில் சரிந்து விழும். தண்ணீர் குறைந்தால் இலை பாய் போலச் சுருளும். பொத்துவில் களப்போரக் கண்டல் மரங்களில் உச்சி இலைகள் செங்குத்தாக நிற்பதும், நிழலில் உள்ளவை படுக்கையாக விரிந்திருப்பதும் இதனால்தான். இலைக்கு உள்ளேயும் இதே கதை. வெயில் ஏறினால் பச்சையவுருமணிகள் நகர்ந்து கலத்தின் பக்கச் சுவரோரம் ஒதுங்கும். அப்படி ஒதுங்க முடியாத செடிகளில் இலை சேதமடைவதை 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இரண்டாவது, திரை போடுவது. மாமரத்தின் தளிர் சிவப்பாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு, முற்றாத இலைக்கு வெளிச்சத்தை மறைக்கும் சீலை.

மூன்றாவது, மிஞ்சியதைச் சூடாக வெளியே விடுவது. இதற்கு சியாசாந்தின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உதவுகிறது. இது கரட்டுக்கும் சோளத்துக்கும் நிறம் கொடுக்கும் இனத்தைச் சேர்ந்தது. வெயில் ஏறும்போது இலையில் இது கூடும், நிழல் வந்தால் குறையும். ஆனால் குறைவதற்கு நேரம் எடுக்கும். 2016இல் அமெரிக்காவில் புகையிலைச் செடியில் இந்த வேலையைச் சுறுசுறுப்பாக்கியபோது வளர்ச்சி சுமார் 15 சதவீதம் கூடியது.

நான்காவது, பழுது பார்ப்பது. கல்முனைக் கடற்கரையில் கரைக்கு வந்ததும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். இலையும் இதையே செய்கிறது. அதிகம் அடிபடுவது டீ-1 என்ற புரதம். கடும் வெயிலில் அது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பழுதாகிப் புதிதாக மாற்றப்படலாம். பொத்துவதைவிடக் கிழிவது வேகமாகிவிட்டால் மீன் ஏது? இலையின் சமையலும் அப்படியே குறைந்துவிடும்.

நெல்லும் தேயிலையும்

இப்போது அந்தக் காக்காவின் கேள்விக்கு வருவோம். நெல் திறந்த வெளிப் புல்லினம். வரும் வெயிலில் தேயிலையைவிடக் கூடிய பங்கைச் சமையலில் செலவழிக்கும். தேயிலையோ பெரிய காட்டு மரங்களின் நிழலில் பிறந்த செடி. அதன் இலைக்கு ஏறக்குறைய பாதி வெயிலிலேயே வயிறு நிறைந்துவிடும். அதற்கு மேல் வருவது பாரம். போதாததற்கு, கொழுந்து எடுப்பதற்காக நாம் செடியை மேசை போல மட்டமாக வைத்திருக்கிறோம். மேல் இலைகள் எல்லாம் நேர் வெயிலுக்கு முகம் கொடுக்கின்றன.

இதை நமது நாட்டிலேயே ஆராய்ந்தவர்கள் உண்டு. ஜானகி மொஹொட்டியும் டேவிட் லோலரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, உச்சி வெயிலில் தேயிலையின் ஒளித்தொகுப்பு தடைப்படுவதையும், நிழல் அந்தத் தடையைக் குறைப்பதையும் காட்டியது.

நாம் செய்யக்கூடியவை

நாங்கள் அறிந்த ஒரு மலையில் சவுக்கும் முள்முருங்கையும் விறகுக்கும் பலகைக்குமாகப் போய்விட்டன. இப்போது வறட்சி வந்தால் அந்த மேட்டுச் செடிகள்தான் முதலில் மஞ்சளிக்கின்றன. "அந்த மலைக்குப் போனா அரைப்பேர்தான்" என்று அங்குள்ள பெண்கள் சொன்னார்கள். நிழல் போனால் நிறை போகும். நிறை போனால் சம்பளம் போகும்.

ஆகவே நிழல் மரத்தை அடியோடு வெட்ட விடாதீர்கள். விறகுக்குக் கிளை போதும். அதற்காக மரத்தை வெட்டாமலே விடுவதும் சரியல்ல. மழைக்கால மப்பில் தேயிலைக்கு வெளிச்சம் பற்றாது. ஆகையால் பருவ மழைக்கு முன் கிளை கழிக்க வேண்டும்.

கவ்வாத்து வெட்டிய செடியில் இலை இல்லை, காவலும் இல்லை. வெயில் பட்டால் கொம்பின் பட்டை வெந்துவிடும். வெட்டிய மிலாறை அதன் மேல் பரப்பிவிடுங்கள்.

நாற்றுமேடைக் கன்றின் பந்தலை ஒரே நாளில் பிரிக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டினால், இலை மேற்சொன்ன காவல்களைப் பலப்படுத்திக்கொள்ளும். வீட்டுத் தோட்டத்து மிளகாய், கத்தரி நாற்றுக்கும் இதுவே முறை.

மலையில் வேலை செய்யும்போது நாம் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொள்கிறோம். செடிக்கு அந்த மரம்தான் கொங்காணி. பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.