காணிக்கு உறுதி மட்டுமா சாட்சி?

2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலை எங்கள் வாசகர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், இல்லையேல் அது அரச காணியாகக் கொள்ளப்படும் என்பதே அதன் சாரம். முல்லைத்தீவில் 1,703 ஏக்கரும் கிளிநொச்சியில் 515 ஏக்கரும் அதில் அடங்கின. ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப் பெற்றது. ஆயினும் கேள்வி அப்படியே நிற்கிறது. பலமுறை இடம்பெயர்ந்து, பெட்டியோடு பத்திரங்களையும் இழந்த குடும்பம் எதைக் காட்டி "இது எங்கள் காணி" என்று சொல்வது?

இந்தச் சிக்கல் நேற்று வந்ததன்று. காடாகவும் தரிசாகவும் பயிரின்றியும் கிடக்கும் நிலம், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று 1840ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் சட்டம் செய்தனர். மேற்சொன்ன அறிவித்தலும் 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயச் சட்டத்தின் கீழ் வந்ததே. வன்னிக் கிராமமோ வயலோடு முடிவதில்லை. குளம், அதன் கீழ் வயல், பக்கத்தில் மேட்டுக்காணியும் குடிமனையும், அப்பால் காடு. காலபோகத்தில் வயலிலே நெல் நிற்கும்போது பட்டி மாடுகளைக் காட்டோரம்தான் கொண்டுபோய் அடைக்க வேண்டும். வேலிக்கு அலம்பல், வீட்டுக்குக் கம்பு, தேன், பாலைப்பழம் எல்லாம் அங்கிருந்தே வரும். சேனையில் குரக்கனும் எள்ளும் உழுந்தும் ஓரிரு வருடம் விளைந்தபின், மண் ஆறுவதற்காக நிலத்தைக் காடாக விட்டுவிடுவோம். விட்ட நிலம் வேண்டாத நிலமல்ல. ஆனால் வரைபடத்தோடு வரும் உத்தியோகத்தருக்கு அது வெறுங் காடு.

யுத்தம் வயலுக்கும் அதே கதியைக் கொடுத்தது. பல வருடம் உழாமற் கிடந்த காணியில் ஈச்சம் பற்றையும் சூரையும் மூடிவிட, 2009க்குப் பின் திரும்பிய சிலர் அங்கே வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டார்கள். 2001ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் ஒன்று ஒதுக்கப்படாத அரச காடுகளையும் அத்திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்தது. 2020இல் அது இரத்துச் செய்யப்பட்டு, அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் திருப்பப்பட்டது. அதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். காட்டைக் காப்பதும் எங்கள் காரியமே. குளத்து நீரேந்து பகுதியில் காடழிந்தால் குளம் மண்ணால் தூரும். ஏழைக் கமக்காரன் பெயரைச் சொல்லி மரமும் மணலும் ஏற்றுகிறவர்களை நாங்கள் இங்கே ஆதரிக்கவில்லை.

எங்கள் உறவினர் பலர் குடியேறிய கனடாவின் வடகோடியில் இனுயிற் என்ற மக்கள் வாழ்கிறார்கள். கடல்நாய், கலைமான், மீன் ஆகியவற்றைத் தேடிப் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்கள். உறுதியும் இருக்கவில்லை, வேலியும் இருக்கவில்லை. 1970களில் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொரு வேட்டைக்காரரும் தன் வாழ்நாளில் எங்கே வேட்டையாடினார், எங்கே கூடாரம் போட்டார் என்பதை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டினார். அது 1976இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதன் துணையோடு நடந்த நீண்ட பேச்சின் முடிவில், 1993இல் நுனவுற் உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏறத்தாழ 350,000 சதுர கிலோமீற்றர் நிலம் அவர்களுக்கு உரித்தாயிற்று.

அபிவிருத்தியை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரிய திட்டம் எதற்கும் இனுயிற் மக்களுடன் நன்மைப் பங்கீட்டு ஒப்பந்தம் வேண்டும். அதன் பாதிப்பை ஆராயும் சபையில் அவர்களுடைய ஆட்களும் இருப்பர். பாவின் தீவின் மேரி றிவர் இரும்புச் சுரங்கம் அப்படித்தான் வந்தது, வேலையும் கொடுத்தது. அதை மேலும் பெருப்பிக்கக் கம்பனி கேட்டபோது, கப்பல் போக்குவரத்தால் நார்வால் திமிங்கிலம் விலகிப்போகும் என்று வேட்டைக்காரர் எதிர்த்தனர். சபையும் வேண்டாமென்றது, 2022 நவம்பரில் அமைச்சர் மறுத்துவிட்டார்.

எங்கள் நாட்டுச் சட்டம் மேய்ச்சலையும் சேனையையும் உறுதிக்குச் சமமாக ஏற்பதில்லை. ஆகவே கையால் வரைந்த படம் ஒன்றே காணியை மீட்டுத் தரும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் விசாரணையில் வெறும் வாயோடு நிற்பதிலும் அது எவ்வளவோ மேல். முதியவர்கள் உள்ளபோதே செய்ய வேண்டிய வேலை இது. ஊரின் பழைய ஒரு அங்குல வரைபடம் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் பெரிய தாளொன்றையும் விரித்து, குளம், துருசு, வாய்க்கால், மாடு போன வழி, பட்டி அடைத்த இடம், பொங்கல் வைத்த மரம் எல்லாவற்றையும் பெயரோடு குறியுங்கள். பெண்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் நடந்த வழி அவர்களுக்கே தெரியும். பின்னர் நேரிற் சென்று பாருங்கள். பற்றைக்குள் கிணற்றுக் கட்டும், தென்னையும் மாவும், அழியாத வரம்பும் இருந்தால் படம் எடுத்து, திகதி எழுதிவையுங்கள்.

இதனோடு சேர்க்க வேண்டியவை வேறும் உண்டு: அனுமதிப் பத்திரப் பிரதி, கமநல சேவை நிலையப் பதிவு, பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலை வரவு, ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள், கோயில் கணக்கு. முகவரி எழுதிய பழைய கடிதங்கூட உதவலாம். மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரதியை மாத்திரம் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு அல்லது திகதி முத்திரை கேட்டு வாங்குங்கள். வரைபடத்தின் பிரதி ஒன்று கமக்காரர் அமைப்பிலும், ஒன்று கிராமத்துக்கு வெளியேயுள்ள நம்பிக்கையான வீட்டிலும் இருக்கட்டும்.