பழைய வண்டியின் உள்ளறை

பழைய மோட்டார் வண்டி ஒன்றைக் காணும்போது நம் கண் முதலில் அதன் வெளிப்பூச்சின்மீது செல்கின்றது. செவி இயந்திரத்தின் ஒலியை நாடுகின்றது. மனிதர் அமர்ந்து செல்லும் உள்ளறையைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. இயந்திரம் பழுதுற்றால் வேறொன்றைப் பொருத்திவிடலாம். ஆனால் உள்ளறையின் தரை இற்றுப்போன வண்டியில் எத்துணை நல்ல இயந்திரம் இருந்தும் பயனில்லை. அவ்வறையை வீட்டிலேயே செப்பனிடுவது எங்ஙனம் என்பதையும், அந்த வேலையில் அடங்கியுள்ள விஞ்ஞான உண்மைகள் யாவை என்பதையும் இன்று காண்போம்.

பிக்கப் என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சுமைத்தொட்டியும் உடைய சிறு லாரி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உழவருக்கும் தச்சருக்கும் சிறு வணிகருக்கும் அது நெடுங்காலத் துணை. ஃபோர்டு நிறுவனம் 1925ஆம் ஆண்டில் தன் புகழ்பெற்ற ‘டி’ மாடல் காரில் ஆலையிலேயே சுமைத்தொட்டியைப் பொருத்தி, 281 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டில் செவ்ரோலே நிறுவனம் ‘அட்வான்ஸ் டிசைன்’ என்னும் புதிய வரிசையை வெளியிட்டது. ஒரே நீண்ட இருக்கையில் மூவர் அமரத்தக்க அகன்ற அறை அதன் சிறப்பு. 1955ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அவ்வரிசை வெளிவந்தது. பாட்டனார் வாங்கி உழைத்த அத்தகைய வண்டியைப் பேரன் வீட்டுக் கொட்டகையில் நிறுத்திப் புதுப்பிப்பது இன்றும் அந்நாட்டில் பலர் விரும்பிச் செய்யும் வேலை. ஆகவே அவ்வண்டியையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

புதுப்பிக்க விழையும் இளைஞன் முதலில் செய்ய விரும்புவது யாது? கிழிந்த இருக்கை உறையை அகற்றிப் புத்துறை இடுவான். தரையில் புதிய விரிப்பைப் பரப்புவான். கதவுகளுக்கு வண்ணம் தீட்டுவான். ஒரே வாரத்தில் உள்ளறை மணவறைபோலப் பொலியும். ஆனால் அந்த விரிப்பின்கீழ் ஈரம் இருந்தால் என்ன ஆகும்? தரை மெல்ல மெல்ல இற்று, இருக்கையைத் தாங்கும் ஆணிகள் பிடிப்பிழக்கும். விரைந்து செல்லும் வண்டி திடுமென நிற்க நேர்ந்தால், அமர்ந்திருப்போர் இருக்கையோடு முன்னே எறியப்படுவர். ஆதலால், எதையும் மூடுவதற்கு முன் அதனடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வேலையின் முதல் விதி. மற்ற விதிகளிற் பெரும்பாலானவை இதிலிருந்து பிறப்பவை.

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று நீர், மற்றொன்று காற்றிலுள்ள பிராணவாயு. துருவானது தனக்கு மூலமான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அது தன்மீதுள்ள வண்ணப்பூச்சை உப்பச் செய்து பெயர்த்துவிடும். பெயர்ந்த இடத்தின் வழியே மேலும் நீர் புகும். செம்பின்மேற் படரும் பச்சைப் படலம் அடியிலுள்ள உலோகத்தை ஓரளவு காக்கின்றது. துருவோ அவ்வாறு காப்பதில்லை. உதிர்ந்து உதிர்ந்து, புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டே செல்லும். நீரில் உப்புக் கலந்தால் அது மின்சாரத்தை எளிதிற் கடத்துவதாகி, இவ்வினை இன்னும் விரைவுறும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பைத் தூவுகின்றனர். அந்த உப்பு காலணிகளுடன் வண்டிக்குள் ஏறி, விரிப்பின் அடியிலே தங்கிவிடுகின்றது.

உள்ளறைக்குள் நீர் வரும் வழிகள் பல. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு நாளடைவில் இறுகி வெடிக்கும். கண்ணாடிக்கு முன்னால் அமைந்த காற்றுவாயின் மூடியும் அவ்வாறே பிடிப்பிழக்கும். மழையே பெய்யாத இரவிலும், குளிர்ந்த தகட்டின்மேல் காற்றிலுள்ள நீராவி துளிகளாகப் படியும். தரைவிரிப்போ ரப்பரால் ஆனது. அதனடியில் இருப்பது சணல் மெத்தை. சணல் நீரை உறிஞ்சிக்கொள்ளும்; ரப்பர் அதனை உலரவிடாது. இவை போதாவென்று, இவ்வண்டியில் மின்கலத்தையும் வலப்பக்கத் தரையின் கீழேதான் வைத்திருந்தனர். அதிலிருந்து சிந்திய கந்தக அமிலம் அவ்விடத்துத் தகட்டை அரித்திருக்கக் கூடும். எனவே நம் ஆராய்ச்சியை அந்த மூலையிலிருந்து தொடங்குவது நன்று.

முதலில் மின்கலத்தின் இணைப்பை நீக்க வேண்டும். பிறகு இருக்கை, விரிப்பு, கதவின் உட்தகடு, கூரையின் அட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு பகுதியையும் நிழற்படம் எடுத்துக்கொள்வதும், திருகாணிகளைத் தனித்தனிச் சிமிழ்களில் இட்டுப் பெயர் எழுதி வைப்பதும் மிகவும் அவசியம். கழற்றும் வேலை ஒரு நாளில் முடியலாம். திரும்பப் பூட்டுவது பல மாதங்களுக்குப் பின்னரே நிகழலாம். அத்தனை நாளும் நினைவை நம்பியிருத்தல் இயலாது. துருவேறிய ஆணியை வலிந்து திருகினால் அதன் தலை முறியும்; எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுத்திருந்தால் பெரும்பாலும் இளகிவரும். கிழிந்த உறையையும் சிதைந்த அட்டையையும் எறிந்துவிடலாகாது. புதியவற்றை வெட்டுவதற்கு அவையே அளவுகோல்.

இனி, மிகவும் எச்சரிக்கையுடன் கேட்க வேண்டிய ஒரு செய்தி. 1949ஆம் ஆண்டு முதல் இவ்வண்டியின் பெட்ரோல் தொட்டி உள்ளறையிலேயே, இருக்கைக்குப் பின்னால் வைக்கப்பட்டது. தரையைப் பற்றவைக்கு முன் அதனை வண்டியிலிருந்து எடுத்து, வேலை நடக்கும் இடத்துக்கு வெகு தொலைவில் வைத்தல் வேண்டும். பெட்ரோலை வடித்துவிட்டால் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவது பெரும் பிழை. தீப்பற்றுவது திரவமன்று, அதிலிருந்து எழும் ஆவியே. காற்றில் இந்த ஆவி நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடம் குறைவு. வெறுந்தொட்டியிலோ ஆவியும் காற்றும் வெடிக்கத்தக்க அளவிற் கலந்து நிற்கலாம். மேலும் அந்த ஆவி காற்றைவிடக் கனமானதாகையால், தரையோடு தவழ்ந்து சென்று பள்ளமான இடங்களில் தேங்கும். தொட்டியைக் கையாளும் வேலையையும் பற்றவைக்கும் வேலையையும் மாணவர்கள் தாமே செய்ய முற்படாமல், தேர்ந்த தொழிலாளியிடம் ஒப்புவிப்பதே அறிவுடைமை.

தரை வெறுமையானபின், திருப்புளியின் முனையால் அதனை அங்கங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே செல்லாவிடில் துரு மேற்பரப்பளவில் உள்ளது என்று கொள்ளலாம். அங்கே கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவத்தைப் பூசினால், எஞ்சிய துரு இரும்புப் பாஸ்பேட்டாக மாறும். அது உலர்ந்தபின் அதன்மேல் முதற்பூச்சு இடலாம். முனை பொத்துக்கொண்டு சென்றாலோ, இற்ற பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, சுமார் 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள புதிய எஃகுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். ஒரே மூச்சிற் பற்றவைத்தால் தகடு வெப்பத்தால் விரிந்து நெளியும். ஆகவே தொழிலாளி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகளை இட்டு, ஆறவிட்டு, பின்னர் இடைவெளிகளை நிரப்புவார். அக்காலத்து வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. வெப்பத்தைத் தடுக்கும் அட்டைகளில் கல்நார் இருப்பதும் உண்டு. இரண்டின் தூளும் உடலுக்குக் கேடு. எனவே பழைய பூச்சை உலர்ந்த நிலையிற் சுரண்டாமல் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்ப்பதும், தக்க முகக்கவசம் அணிவதும் கட்டாயம். கல்நார் என்று ஐயமுற்ற அட்டையைத் தொடாது விட்டு, அறிந்தவரை அழைக்க வேண்டும்.

தகட்டின் வேலை முடிந்ததும் மின்கம்பிகளை நோக்குவோம். பழைய கம்பிகளின் ரப்பர் உறை வெடித்து, அதன்மேற் சுற்றிய துணி நைந்திருக்கும். இவ்வண்டியின் மின்னழுத்தம் 6 வோல்ட். இவ்வளவு குறைந்த அழுத்தத்தால் என்ன தீங்கு என்று சிலர் கருதலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 வாட் விளக்கொன்று 12 வோல்ட்டில் எரிய 3 ஆம்பியர் மின்னோட்டம் போதும். 6 வோல்ட்டில் எரிய 6 ஆம்பியர் வேண்டும். கம்பியில் தோன்றும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே கம்பியில் மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே, 12 வோல்ட் வண்டிக்குரிய மெல்லிய கம்பியை இதிற் பொருத்துவது தவறு. தடித்த கம்பியும், தக்க அளவுள்ள ஃபியூஸும், தகட்டுத் துளைகளின் கூர்விளிம்பு கம்பியை அறுக்காவண்ணம் ரப்பர் வளையமும் இட வேண்டும். பெட்ரோல் தொட்டியும் அதே அறையிலே இருப்பதை எண்ணினால், இதன் முக்கியத்துவம் தானே விளங்கும்.

கதவுகளில் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவின் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதனை முற்றிலும் தடுப்பது கடினம். அந்த நீர் வெளியேறுவதற்காகவே கதவின் அடிவிளிம்பிற் சிறு துளைகளை அமைத்துள்ளனர். அழகு கருதி அத்துளைகளை அடைத்துப் பூசிவிட்டால், கதவு ஒரு குளமாகி உள்ளிருந்தே இற்றுப்போகும். நீரைத் தடுக்கக் கூடிய இடத்தில் தடுக்க வேண்டும். தடுக்க இயலாத இடத்தில் அதற்கு வழிவிட வேண்டும்.

புதிய ரப்பர் விளிம்புகளைப் பொருத்தியதும், விரிப்பை இடுவதற்கு முன்னரே ஒரு சோதனை நடத்த வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியின்மேலும் கூரையின்மேலும் குழாயால் நீரை மெல்லப் பொழியட்டும். மற்றொருவர் கைவிளக்குடன் உள்ளே அமர்ந்து, துளி எங்கே தோன்றுகிறது என்று பார்க்கட்டும். ஓரங்களில் சுண்ணக்கட்டித் தூளைத் தூவிவைத்தால், நீர் ஓடிய தடம் நன்கு தெரியும். ஒரு துளி வந்தாலும் காரணம் கண்டு நீக்கியபின்னரே மேலே செல்ல வேண்டும். இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. இதனைச் செய்யாது விடுவதால் வரும் நட்டமோ மிகப் பெரிது.

இதன்பின் ஒலியையும் வெப்பத்தையும் குறைக்கும் வழியை நாடலாம். அகன்ற மெல்லிய தகடு தட்டப்பட்ட பறைபோல அதிரும். அதன் நடுவே கனமும் நெகிழ்ச்சியும் உள்ள ஒட்டுத்தாளைப் பதித்தால், அதிர்வின் ஆற்றல் அத்தாளிற் சிறிது வெப்பமாக மாறி அடங்கிவிடும். தகடு முழுவதையும் மூட வேண்டுவதில்லை. அடிமெத்தைக்கும் நீரை உறிஞ்சாத பொருளைத் தேர்ந்தெடுத்தால், சணலால் விளைந்த கேடு மீண்டும் விளையாது.

இறுதியில் வருவது இருக்கை. அதன் அடியில் எஃகுச் சுருள்விற்கள், அவற்றின்மேல் சாக்குத் துணி, அதன்மேல் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேல் உறை. சாக்குத் துணி நைந்தால் பஞ்சு சுருள்விற்களுக்கிடையே இறங்கிவிடும். இருக்கை பள்ளமாவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். முறிந்த வில்லை மாற்றி, துரு நீக்கி, புதிய சாக்கும் பஞ்சும் இட்ட பிறகே உறையைப் பற்றி எண்ண வேண்டும். பழைய உறையின் தையலைப் பிரித்து, அதனை அளவாக வைத்துப் புதிய ரெக்ஸினை வெட்டித் தைப்பர். அதனை வெயிலிற் சிறிது நேரம் இளகவிட்டு, நடுவிலிருந்து இரு புறமும் சீராக இழுத்துக் கம்பி வளையங்களால் இறுக்கினால் சுருக்கம் விழாது. இவ்வண்டிகள் ஆலையிலிருந்து இருக்கை வார் இன்றியே வந்தன. இன்று மூன்று இடங்களிற் பிணைக்கும் வாரை வால்வோ நிறுவனம் கார்களில் அளிக்கத் தொடங்கியதே 1959ஆம் ஆண்டில்தான். வார் அமைக்க விரும்பினால், அதனை வெறுந்தகட்டில் ஆணியடித்து நிறுத்துவது பயனற்றது. தகட்டின் மறுபுறம் கனத்த எஃகுத் தட்டு வைத்து வலுப்படுத்த வேண்டும். அதனையும் அறிந்தவரைக் கொண்டே செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் புதிதாக்க வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. இற்ற தரை, வெடித்த கம்பி, உலர்ந்த ரப்பர் ஆகியவற்றை மாற்றாமல் விடலாகாது. அவை உயிரைத் தாங்குபவை. ஆனால் பாட்டனார் முழங்கை ஊன்றி ஊன்றி வண்ணம் தேய்ந்த சன்னல் விளிம்போ, அவர் விரல் பட்டு மழுங்கிய குமிழோ யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அவற்றைக் கடையில் திரும்ப வாங்கவும் முடியாது. அடிப்பாகம் உறுதியானபின் அவற்றைத் துடைத்து அப்படியே வைத்துக்கொள்ளலாம். புதிய விரிப்பை இடும் நாளில், அதனடியில் உள்ள தரையை இறுதியாக ஒரு நிழற்படம் எடுத்து வண்டியின் ஏடுகளோடு சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் அந்த விரிப்பைத் தூக்கிப் பார்க்கப் போகும் ஒருவருக்கு, நீங்கள் எதை மூடினீர்கள் என்பதை அது காட்டும்.